நாலு லிட்டர் தங்கதுரை

தங்கதுரையின் நெஞ்சுக்குள் நாலு லிட்டர் காற்று பிடிக்கும் என்று முடிவு செய்தவர் விருத்தாசலம் வெண்மணி செராமிக்ஸ் முதலாளி ஆனந்தராஜ். அளந்து பார்த்துச் செய்த முடிவு என்று நினைத்துவிட வேண்டாம். இருபது வருஷத்துக்கு முன்னால் சேத்தியாத்தோப்பில் நடந்த கபடிப் போட்டியில், எதிரணிக்காரர்கள் நாலு பேர் மேலே விழுந்து அமுக்கியும் பாட்டை விடாமல் ஊர்ந்துபோய்க் கோட்டைத் தொட்ட கம்மாபுரத்துப் பையன் இவன்தான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவ்வளவுதான். நாலு பேரைச் சுமந்தவனுக்கு நாலு லிட்டர். முதலாளிமார் கணக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன.

இந்த முடிவுக்கு அவசியம் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். கல்மாவுத் தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு மாதா மாதம் மூச்சுப் பரிசோதனை செய்து பதிவு வைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆனந்தராஜ் சளைக்கவில்லை. போனிலேயே தேடி, உள்ளங்கையில் அடங்குகிற மூன்று ஊதும் மெஷின்களை வாங்கினார். வாயில் குழாயை வைத்து, மூச்சை முட்ட இழுத்து, ஒரே தம்மில் ஊதித் தள்ளினால் எத்தனை லிட்டர் என்று காட்டும். வயசையும் உயரத்தையும் தட்டினால், அந்த ஆளுக்கு இருக்க வேண்டிய மூச்சில் நூற்றுக்கு எத்தனை இருக்கிறது என்றும் சொல்லும்.

அதோடு நிற்காமல், தொழிலாளிகள் எழுபது பேரையும் நிற்கவைத்து ஒரு அறிவிப்பும் செய்தார். மெஷினில் நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே யாருக்காவது வந்தால், அவரைத் தூசியே இல்லாத பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றிவிடுவாராம். பேக்கிங் என்றால் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பீங்கான் பொம்மைகளை நியூஸ்பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. எல்லாரும் கை தட்டினார்கள். யாருக்கும் எழுபதுக்குக் கீழே வராது என்ற தைரியத்தில்தான் அவர் சொன்னார் என்பது கை தட்டியவர்களுக்குத் தெரியாது.

மெஷினோடு வந்த புத்தகத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. தினமும் மெஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மூன்று லிட்டர் காற்றடைத்த பம்பு ஒன்று வேண்டும். பம்பு இல்லாவிட்டால், அளவு தெரிந்த ஆரோக்கியமான ஆள் ஒருவர் தினமும் ஊதிக் காட்ட வேண்டும். பம்பை ஆர்டர் கொடுத்து வரவழைக்க வேண்டும். ஆள் கைவசம் இருந்தான்.

இப்படித்தான் தங்கதுரை, நாற்பத்தாறு வயசு, கல்லை மாவாக்கும் உருளை மில்லில் பத்தொன்பது வருஷமாக மூட்டை கொட்டுகிறவன், அந்தத் தொழிற்சாலையின் அளவாக நியமிக்கப்பட்டான்.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு கையைக் கழுவிக்கொண்டு வந்து ஊதினான். ஒரு மெஷின் மூணு புள்ளி இரண்டு என்றது. இரண்டாவதும் அதையே சொன்னது. மூன்றாவதும் அதையே. மூன்றும் ஒத்துப்போகிறதே என்று நல்ல மனிதர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆனந்தராஜின் முகம் தொங்கிவிட்டது.

"என்னாப்பா இது, மூணு மெஷினும் ஒரே மாரி தப்பா காட்டுது? தொரைக்கு நாலு லிட்டராச்சே!"

சூப்பர்வைசர் தமிழ்செல்வன்தான் அப்போது கை கொடுத்தான். செராமிக் டிப்ளமா படித்த பையன், கெட்டிக்காரன், எதையும் பெருக்கிப் பார்க்காமல் விடமாட்டான். பீங்கான் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மண் சூளையில் வெந்தால் சுருங்கும். அதனால் புது மண் வந்தால் முதலில் ஒரு சின்னக் கட்டி பிடித்து, அதில் சரியாகப் பத்து சென்டிமீட்டருக்குக் கோடு கிழித்து, சுட்டு எடுப்பார்கள். கோடு எட்டேமுக்காலாக வந்தால், அந்தச் சுருக்கத்தைக் கணக்கில் கூட்டி அச்சைப் பெரிதாகச் செய்வார்கள். அதற்கு அளவுக்கட்டி என்று பேர்.

"சார், இது சுருக்கம்தான் சார்," என்றான் தமிழ்செல்வன். "தங்கதொர அண்ணன நம்ம அளவுக்கட்டியா வெச்சுக்கலாம். நாலு இருக்க வேண்டியது மூணு புள்ளி ரெண்டா வருது. அப்போ மெஷினு சுருக்கிக் காட்டுது. யாரு ஊதினாலும் ஒண்ணேகாலால பெருக்கிட்டா சரியாப் பூடும்."

ஆனந்தராஜ் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்றைக்கு எழுபது பேரும் ஊதினார்கள். எழுபது பேரின் மூச்சும் ஒன்றேகாலால் பெருக்கப்பட்டது. எழுபது பேரும் ஆரோக்கியமாக வீட்டுக்குப் போனார்கள்.

தங்கதுரைக்குப் பெருமை பிடிபடவில்லை. அளவு குறையக் கூடாதென்று தினமும் ஒரு அவித்த முட்டை வேறு கொடுத்தார்கள். மில்லில் மூட்டை கொட்டுகிற வேலை அப்படியேதான் இருந்தது. ஆனாலும் ஒன்பது மணிக்கு ஆபீஸ் ரூமில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, முதலாளி எதிரில் நின்று, "ஊது தொர" என்று சொல்லும்போது அவனுக்குப் பழைய மைதானம் முழுவதும் தன் பேரைக் கத்துவதுபோல இருந்தது. மனைவி கனகாவிடம் பத்து தடவை சொல்லிவிட்டான்.

"மூச்சு வுடறதுக்கு முட்ட குடுக்கறாங்களா?" என்றாள் கனகா. "வூட்ல ஓசியிலதான வுடறீங்க, அதுக்கும் சேத்து முட்ட கேட்டுப் பாருங்களேன்."

ஆறு மாசத்தில் மூணு புள்ளி இரண்டு, இரண்டு புள்ளி ஒன்பது ஆனது. தமிழ்செல்வன் மெஷின்களை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான். பேட்டரி மாற்றினான். ஆயுத பூஜைக்கு மூன்றுக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பூ சார்த்தினான்; ஒன்றின் குழாய்க்குள் பூ போய் மாட்டிக்கொண்டு, அதை எடுக்க அரைநாள் ஆனது. அடுத்த வருஷம் இரண்டு புள்ளி ஆறு. அப்புறம் இரண்டு புள்ளி மூன்று. ஒவ்வொரு தடவையும் தமிழ்செல்வன் நோட்டில் "மெஷின் மேலும் சுருங்கியுள்ளது" என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டுப் பெருக்குத்தொகையை ஏற்றினான். இரண்டு வருஷம் முடிகையில் தங்கதுரை ஊதியது இரண்டு புள்ளி ஒன்று. பெருக்குத்தொகை கிட்டத்தட்ட ஒன்று புள்ளி ஒன்பதுக்கு வந்து நின்றது.

தங்கதுரையின் மூச்சு போகப் போக தொழிற்சாலையின் ஆரோக்கியம் ஏறிக்கொண்டே போனது. காய்ந்த பொம்மைகளைச் சுரண்டி வழவழப்பாக்குகிற அமுதவள்ளி, ஐந்தடி உயரம், பேசும்போதே மூச்சிளைக்கிறவள், நூற்றுக்கு நூற்றிநாலு வாங்கினாள். இதில் ஒரே ஒரு ஆள்தான் கணக்குக்கு இடைஞ்சலாக இருந்தார். வாசல் வாட்ச்மேன் ராஜமாணிக்கம். அறுபது வயசு. தூசிப் பக்கமே போகாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர். அவருக்கு நூற்றுத்தொண்ணூறு வந்தது. மூன்று தடவை ஊதவைத்தும் நூற்றுத்தொண்ணூறுதான். ஆரோக்கியமான ஆள் ஒருவர் அந்த வளாகத்தில் இருந்தார், அவரைச் சந்தேகப்பட்டார்கள். வேண்டுமென்றே முரட்டுத்தனமாக ஊதி மெஷினைக் கெடுக்கிறார் என்று சொல்லி, இனிமேல் அவர் ஊதவே கூடாது என்று உத்தரவு போட்டார் ஆனந்தராஜ்.

இதற்குள் தங்கதுரைக்குப் பெருமை எல்லாம் போய்விட்டிருந்தது. ஒரு நாள் ஜங்ஷனில் ரயில்வே மேம்பாலப் படியில் பாதி ஏறுவதற்குள் நின்றான். பின்னால் வந்த கனகா, துணிப்பையைக் கை மாற்றிக்கொண்டு அவனோடு நின்றாள். ஒரு ரயில் வந்து, நின்று, போயே போய்விட்டது. அதற்கப்புறம்தான் அவனால் அடுத்த படியில் கால் வைக்க முடிந்தது. அவனுக்கு அன்றைக்குப் பயம் வந்தது. வாழ்க்கையில் மூச்சு ஒன்றைத்தான் தன் சொத்து என்று நினைத்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், தூசி இல்லாத இடத்தில்தான் இனி வேலை செய்ய வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் முதலாளி மேஜையில் வைத்தான். பேக்கிங் செக்‌ஷன் கேட்டான். வேறொன்றும் அவனுக்கு வேண்டியதில்லை. ஃபேன், நியூஸ்பேப்பர், அட்டைப்பெட்டி.

"படமெல்லாம் எனக்குப் பாக்கத் தெரியாது தொர," என்றார் ஆனந்தராஜ். "நம்ம ரூலு என்னா? மெஷின்ல எழுவதுக்குக் கீழ வரணும். தமிழு, தொரைக்கு எவ்ளோ?"

தமிழ்செல்வன் நோட்டைப் புரட்டக்கூட இல்லை. "அண்ணனுக்கு எப்பவும் நூறுதான் சார். அவர வெச்சுதான மத்தவங்களுக்கே பாக்கறோம்."

"அதான் தம்பி நானும் சொல்றன். முன்ன மூணுக்கு மேல ஊதினன். இப்ப ரெண்டுதான் வருது. நான் கொறஞ்சிட்டன்."

"அளவுக்கட்டி எப்டிண்ணே கொறையும்? கொறஞ்சா அது மெஷினு கோளாறு."

தங்கதுரை அவனையே பார்த்தான். "ஏன் தம்பி, சூளைக்குள்ள போறப்ப கட்டிதான சுருங்கும்? அடிகோலா சுருங்கும்?"

தமிழ்செல்வன் நோட்டை இழுத்துத் திறந்தான். "அது மண்ணுண்ணே, நீங்க மனுஷரு," என்றான். அவன் கண் மட்டும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதுதான் தங்கதுரை மாட்டிக்கொண்ட இடம். ஊரில் யார் வேண்டுமானாலும் நோயாளி ஆகலாம். அவன் மட்டும் ஆக முடியாது. அவன் எவ்வளவு குறைவாக ஊதினாலும் அதற்குப் பேர் நூறு. செத்துப்போய்ப் பூஜ்யம் ஊதினாலும், மெஷின் முழுசாகச் சுருங்கிவிட்டது என்று எழுதி முட்டையை நிறுத்துவார்கள். மூட்டையைத் தூக்கி மில் வாயில் கொட்டுகிறபோதெல்லாம் வெள்ளைப் புகை எழும்பி முகத்தில் அடித்தது. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, பேக்கிங் ரூம் கதவைப் பார்த்துக்கொண்டே அவன் கொட்டினான்.

கடைசியில் அவனைக் காப்பாற்ற வந்தது முதலாளியின் பெருமைதான். ஆரோக்கியமான தொழிற்சாலைகளுக்கு ஏதோ விருது கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆனந்தராஜ் தன் கணக்கை முழுசாக அனுப்பிவைத்தார். எழுபது பேரின் சராசரி நூற்றிமுப்பத்தெட்டு. கல்மாவு அரைக்கிறவர்களின் மூச்சு ஓட்டப்பந்தய வீரர்களின் மூச்சைவிட நன்றாக இருப்பதைப் பார்த்து, மருத்துவக் கல்லூரி ஒன்றில் இருந்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தக் கையடக்க மெஷின்கள் எந்த அளவுக்குச் சரி என்று ஊர் ஊராகப் போய் ஆராய்ந்துகொண்டிருந்த அவர்கள், முதல் வேலையாக பிரபா என்ற டெக்னீஷியனை விருத்தாசலத்துக்கு அனுப்பினார்கள்.

பிரபா ஒரு பெட்டியில் கல்லூரியின் பெரிய மெஷினையும், இன்னொரு பெட்டியில் ஒரு பம்பையும் கொண்டுவந்தாள். மாட்டுக்குப் போடுகிற ஊசியைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. உள்ளே சரியாக மூன்று லிட்டர் காற்று. கம்பெனியின் முதல் மெஷினில் மாட்டித் தள்ளினாள். மூணு புள்ளி பூஜ்யம். இரண்டாவதில் இரண்டு புள்ளி ஒன்பது ஒன்பது. மூன்றாவதில் மறுபடி மூணு. வேகமாகத் தள்ளினாள், மெதுவாகத் தள்ளினாள், பத்து தடவை தள்ளினாள். மூன்று மெஷினும் அசையவில்லை.

"சூப்பரா இருக்குதே சார் உங்க மெஷினு," என்றாள். "நான் பாத்ததுலயே நல்ல மெஷினு இதுதான்."

"இருங்க மேடம்," என்று தமிழ்செல்வன் குறுக்கிட்டான். "இன்னும் சுருக்கம் போடல." பெருக்கினான். "அஞ்சு புள்ளி ஏழு வருது சார்."

ஆனந்தராஜ் பம்பைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பரிதாபத்தோடு பிரபாவிடம் திருப்பிக் கொடுத்தார். "ஒங்களுக்கு இத வித்தவன் ஏமாத்திட்டாம்மா. மூணுன்னு எழுதியிருக்கான், உள்ள கிட்டத்தட்ட ஆறு லிட்டரு இருக்குது."

பிரபாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டாள். தங்கதுரையைக் காட்டினார்கள். மில்லிலிருந்து நேராக வந்து நின்றதால் தலை, புருவம், காதுமடல் எல்லாம் வெள்ளையாக இருந்தது அவனுக்கு.

"மொதலாளி," என்றான் தங்கதுரை. "அந்தப் பம்பு எங்கூட மில்லுக்குள்ள வந்து பத்தொம்போது வருசம் மூட்ட கொட்டல. அது கொறைய வழியில்ல. கொறஞ்சது நாந்தான்."

பிரபா அவனை உட்காரவைத்துப் பெரிய மெஷினில் ஊதச் சொன்னாள். இரண்டு புள்ளி ஒன்று. கம்பெனி மெஷின் மூன்றிலும் ஊதச் சொன்னாள். எல்லாவற்றிலும் இரண்டு புள்ளி ஒன்று. அவன் உயரத்துக்கும் வயசுக்கும் மூணரைக்கு மேல் இருக்க வேண்டும் என்று சொல்லி, கல்லூரித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.

தங்கதுரை அந்தத் தாளை வாங்கிக்கொண்டு சிரித்தான். இருமல் வந்தது, இருமிக்கொண்டே சிரித்தான். தொழிற்சாலையில் ஒருத்தரும் நம்பாததை இந்தப் பெண் அரைமணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளைக் கும்பிடலாம் போல இருந்தது. "எழுவதுக்குக் கீழ வந்துட்டன்," என்று ஜன்னல் வழியாக அமுதவள்ளிக்குச் சத்தம் கொடுத்தான். அவளும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து ஊதினாள். ஐம்பத்தைந்து. "ஒங்களவுட நான் கம்மிண்ணே!" என்று பரீட்சையில் பாஸானவளைப் போலக் குதித்தாள். செய்தி பரவி வாசல் வரை வரிசை நின்றது. ஆளுக்கு ஆள் அறுபத்திரண்டு, ஐம்பத்தொன்பது என்று காட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். ராஜமாணிக்கத்தையும் கூப்பிட்டு ஊதவைத்தாள் பிரபா. நூறு. அவர் மட்டும் தப்பு செய்துவிட்டவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் தங்கதுரை பிரபாவிடம் வந்தான்.

"யம்மா, இனிமே பேக்கிங்தான். தூசி இருக்காது. எத்தினி நாள்ல பழையபடி மூணுக்கு வந்துடுவன்?"

பிரபா பம்பைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள். "வராதுண்ணே," என்றாள். "இருமலுக்கும் இளைப்புக்கும் மருந்து குடுப்பாங்க. போன மூச்சு போனதுதான். இருக்கறத காப்பாத்திக்கணும். அதனாலதான் தூசி கூடாதுன்னு எழுதியிருக்கேன்."

அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தான். நோய் என்று ஒரு தாள் வாங்கப் போராடிய போராட்டத்தில், அந்தத் தாள் வந்தால் நோயும் கூடவே உண்மையாகிவிடும் என்பதை அவன் நினைக்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அமுதவள்ளி இன்னும் தன் ஐம்பத்தைந்தை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் இதைச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

எழுபதுக்குக் கீழே வந்தவர்கள் முப்பத்தொரு பேர். பேக்கிங்குக்குத் தேவை ஆறு பேர். ஆனந்தராஜ் இரண்டு நாள் ஆபீஸ் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். மில்லுக்கு மூடி போடலாமா, தூசியை உறிஞ்சும் ஃபேன் மாட்டலாமா, மாவை நனைத்துக் கொட்டலாமா என்றெல்லாம் அவர் யோசித்ததாக நல்லவர்கள் சொல்கிறார்கள். மூன்றாம் நாள் காலையில் நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. மெஷின்கள் துல்லியமானவை என்று மருத்துவக் கல்லூரியே சான்று தந்திருப்பதால், இனி பெருக்குத்தொகை கிடையாது. ஆகவே பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றும் வரம்பு எழுபதிலிருந்து ஐம்பதாகத் திருத்தப்படுகிறது. ஐம்பதுக்குக் கீழே வந்தவர்கள் சரியாக ஆறு பேர்.

தங்கதுரை அதை இரண்டு தடவை படித்தான். பக்கத்தில் தமிழ்செல்வன் நின்றிருந்தான். இரண்டு வருஷம் பெருக்கிய பெருக்கல் முழுவதும் மூஞ்சியில் அடித்ததுபோல இருந்தான் அவன். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தவித்தான். பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்து உள்ளங்கையில் கணக்குப் போட்டான்.

"இன்னும் எட்டுதாண்ணே கொறையணும். நீங்க எறங்கற வேகத்துக்கு ஆறே மாசம். அதுக்கப்புறம் ஒங்களுக்குப் பேக்கிங் நிச்சயம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. பேனாவை மூடவும் தெரியாமல் நின்றான்.

"கணக்கு சரிதான் தம்பி," என்றான் தங்கதுரை. கோபப்படக்கூட மூச்சு செலவாகும் என்று பழகிப்போன ஆள். மில் பக்கம் திரும்பாமல் நேராக பேக்கிங் ரூமுக்கு நடந்தான். வழியில் ஒரு தடவை நின்று, மறுபடி நடந்தான். அமுதவள்ளி அவனைப் பார்த்துவிட்டுச் சுரண்டுகிற கத்தியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, மொதலாளி கேட்டா நான் என்னா சொல்லட்டும்?" என்று தமிழ்செல்வன் பின்னாலிருந்து கத்தினான்.

"ஆறு மாசம் கழிச்சு வர வேண்டியவன் இன்னிக்கே வந்துட்டான்னு எழுதிக்க."

ஃபேனுக்குக் கீழே அந்த ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தங்கதுரை உள்ளே வந்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். அவனுக்குப் பின்னால் அமுதவள்ளி வந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வாசலில் நின்று இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். தங்கதுரை சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பொம்மையை எடுத்து நியூஸ்பேப்பரில் சுற்ற ஆரம்பித்தான்.